லடாக்கில் ஒரு பிக்குணி மடத்துக்கு உதவ வேண்டுமா? பருப்புச் சாக்கிலிருந்து ஆரம்பியுங்கள்

செப்டம்பர் கடைசி வாரம். ஜான்ஸ்கர் பக்கம் ஒரு சின்ன பிக்குணி மடத்தின் சாமான் அறையில் உட்கார்ந்திருந்தேன். வரவு செலவு பார்க்கும் மூத்த பிக்குணி, பழைய நெய் டின் ஒன்றால் மசூர் பருப்பை அளந்து ஒரு சாக்கிலிருந்து இன்னொரு சாக்குக்கு மாற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு டின்னுக்கும் சுவரில் ஒரு கரிக்கோடு. நாற்பத்தொன்றாவது கோட்டோடு பருப்பு தீர்ந்தது. அப்புறம் விரல் விட்டு மாதங்களை எண்ணினார், அக்டோபர், நவம்பர் என்று. மார்ச் பாதியிலேயே விரல் நின்றுவிட்டது. ஏப்ரல் வரை பனி இருக்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சாக்கின் வாயை இறுக்கிக் கட்டிவிட்டு எனக்கு டீ போட எழுந்தார்.

என் தொழில் கணக்கு எழுதுவது. அன்றிலிருந்து அந்த மடத்தின் கணக்கையும் எழுதிக்கொடுக்கிறேன். லடாக் போய்வந்த நண்பர்கள் பலர், "அங்கே ஒரு மடத்தில் பிக்குணிகளைப் பார்த்தோம், ரொம்பக் கஷ்டப்படுகிறார்கள், என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். அங்கேயே வேலை பார்க்கும் தமிழர்கள், அரசு ஊழியர்கள், ராணுவத்தினர் யாராவது படித்தால் அவர்களால் எங்களைவிட நிறையச் செய்ய முடியும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். ஊர்க்காரர்கள் இவர்களை ஜோமோ என்கிறார்கள். பேருக்குப் பின்னால் 'லே' சேர்த்தால் மரியாதை, நம் ஊர் 'ங்க' மாதிரி. தமிழில் நாம் பிக்குணி என்று சொன்னாலும், திபெத்திய மரபில் பெண்களுக்கு முழுத் துறவுத் தீட்சையின் பரம்பரை இருக்கவில்லை என்பதால் இவர்களில் மிகப் பெரும்பாலானோர் சாமணேரி, அதாவது தொடக்கத் துறவி, நிலையில்தான் வாழ்நாள் முழுக்க இருப்பார்கள். 2022 ஜூனில் பூட்டானில் 144 பெண்களுக்கு முழுத் தீட்சை கொடுத்தது அதனால்தான் அவ்வளவு பெரிய செய்தியானது. இது ஏதோ சாஸ்திர விவகாரம், நமக்கென்ன என்று தோன்றலாம். ஆனால் ஊரில் ஒரு வீட்டில் சாவு, கல்யாணம், புது வீடு என்றால் யாரைக் கூப்பிடுகிறார்கள், யாருக்குத் தட்சணை போகிறது என்பதெல்லாம் இந்த நிலையைப் பொறுத்தே அமைகிறது.

ஆண் துறவிகளின் பெரிய கோன்பாக்களுக்கு, அதாவது மடங்களுக்கு, தலைமுறை தலைமுறையாக நிலம் இருக்கிறது, குத்தகை வருகிறது, சடங்குக்குக் கூப்பிடுகிறார்கள், இப்போது சுற்றுலா நுழைவுக் கட்டணமும் சேர்ந்துவிட்டது. பிக்குணி மடங்கள் பலவற்றுக்கு நிலம் கிடையாது, இருந்தாலும் கையகலம்தான். ரிசோங் கோன்பாவுக்குக் கீழே இருக்கும் ஜூலிச்சென் மடத்துப் பிக்குணிகள் பல காலம் அந்தக் கோன்பாவுக்காக ஆப்ரிகாட் பழக் கொட்டையில் எண்ணெய் எடுப்பதும் பார்லி வறுப்பதுமாக உழைத்தவர்கள். ஜான்ஸ்கரில் இன்றும் விதைப்பு, அறுவடை வந்தால் பெற்றோர் வீட்டு வயலுக்குப் போய்விட்டு வருகிற பிக்குணிகள் உண்டு, ஏனென்றால் அவர்களுக்கான மாவு அந்த வீட்டிலிருந்துதான் வருகிறது. கையில் அமுதசுரபியா இருக்கிறது? படிக்க வேண்டிய நேரம் களையெடுப்பில் போகிறது. 1996இல் ஆம்ச்சி எனப்படும் திபெத்திய மரபு மருத்துவரும் பிக்குணியுமான செரிங் பால்மோ லடாக் பிக்குணிகள் சங்கத்தைத் தொடங்கியதே இந்த நிலையைப் பார்த்துத்தான்.

ஆக, நீங்கள் செய்யும் உதவி அந்தப் பெண்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும். என்ன கொடுப்பது, எங்கே மனு போடுவது என்று குழப்பம் வரும்போதெல்லாம் நான் இதை வைத்துத்தான் முடிவெடுக்கிறேன்.

கேளுங்கள், அப்புறம் கொடுங்கள்

மடத்துக்காகப் பணம் சேர்க்கும் எங்கள் குழுவே ஒரு தப்பைச் செய்திருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் பணம் சேர்த்து, நல்ல விலையில் ஒரு தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கி அனுப்பினோம். ஜூலையில் மாட்டினார்கள், போட்டோ வந்தது, எல்லோரும் சந்தோஷப்பட்டோம். நவம்பரில் உள்ளே தண்ணீர் உறைந்து வடிகட்டி உறை வெடித்துப் பிளந்துவிட்டது. அங்கே குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீரே கிடையாது, ஓடைப் பனியை உடைத்துக் கொண்டுவந்து அடுப்பில் உருக்கிக் காய்ச்சித்தான் குடிக்கிறார்கள் என்பதை நாங்கள் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். அந்தப் பணத்துக்கு, அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்புக்கு விறகும் ஒரு பெரிய பிரஷர் குக்கரும் வாங்கியிருக்கலாம். 3,500 மீட்டர் உயரத்தில் ராஜ்மா சாதாரணப் பாத்திரத்தில் வேகவே வேகாது, குக்கர் இல்லாவிட்டால் மணிக்கணக்கில் விறகு போகும்.

எனவே மடத்துக்குப் போனால் முதலில் தலைமைப் பிக்குணியிடம் 'ஜூலே' என்று வணக்கம் சொல்லி உட்காருங்கள், கதக் எனப்படும் வெள்ளைத் துண்டு இருந்தால் கொடுங்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அப்புறம் சாமான் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்று கேட்டு அவரிடம் பேசுங்கள். இந்தி ஓரளவு எல்லோருக்கும் புரியும், மூத்தவர்களுக்குப் புரியாவிட்டால் இளைய பிக்குணி ஒருவர் மொழிபெயர்ப்பார். "என்ன வேண்டும்?" என்று கேட்டால் "ஒன்றும் வேண்டாம், நன்றி" என்றுதான் பதில் வரும், அது அவர்கள் மரியாதை. "போன குளிர்காலத்தில் எது முதலில் தீர்ந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே பேச்சு வரும். எண்ணெய், பருப்பு, உப்பு, சமையல் எரிவாயு, முட்டிவலி மாத்திரை, மாதவிடாய் நாப்கின் என்று நமக்குத் தோன்றாதவை எல்லாம் பட்டியலில் ஏறும்.

எத்தனை பேர் தங்குகிறார்கள், அதில் குளிர்காலத்திலும் இருப்பவர் எத்தனை பேர், பதினெட்டு வயதுக்குக் கீழே எத்தனை பேர், எழுபது தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று நான்கு எண்களையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் எந்த மனு எழுதினாலும் இந்த நான்கும் தேவைப்படும்.

ஊரைத் தாண்டிப் போகாதீர்கள்

சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பணம் வரத் தொடங்கியதும் ஊர்க்காரர்கள் மெல்ல ஒதுங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. "அவர்களுக்குத்தான் வெளியாள் இருக்கிறார்களே" என்ற பேச்சு ஒருதரம் கிளம்பிவிட்டால் அதைத் திருப்புவது கடினம். நாம் இரண்டு வருடத்தில் ஆர்வம் குறைந்து போய்விடுவோம், ஊர்தான் அங்கேயே இருக்கும். அதனால் கோபாவை, அதாவது ஊர்த்தலைவரை, ஆரம்பத்திலேயே பார்த்துவிடுங்கள். வயலுக்குத் தண்ணீர் விடுவது, ஆடு மேய்ப்பது என்று லடாக் ஊர்களில் பல வேலைகள் வீட்டுக்கு வீடு முறை வைத்துத்தான் நடக்கின்றன. அதே முறையில் மடத்துக்கும் ஒன்று வைக்க அவர்களுக்குத் தெரியும், நாம் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

நாங்கள் பேசி முடிவான ஏற்பாடு எளிமையானது. பார்லி மாவு, காய்ந்த சாணம், வெண்ணெய், சுவர் பூச ஆள் எல்லாம் ஊர் கொடுக்கிறது. கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டியவற்றை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அறுவடை நாட்களில் பிக்குணிகள் பெற்றோர் வயலுக்குப் போவது பற்றியும் பேச்சு வந்தது. வகுப்பு நடக்கும் மாதங்களில் கூப்பிட மாட்டோம் என்று சில வீட்டார் சொன்னார்கள், சில வீட்டார் தங்களிடம் வேறு ஆளில்லை என்றார்கள். அதுவும் உண்மைதான், பிள்ளைகள் எல்லாம் லே நகரத்திலும் ஜம்முவிலும் படிக்கப் போய்விட்டார்கள். அந்த வீடுகளுக்குக் கூலியாள் வைக்க நாங்கள் ஒரு தொகை கொடுக்கிறோம். இதுவா மடத்துக்குச் செய்யும் உதவி என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். என்னைக் கேட்டால் நாங்கள் செய்யும் செலவிலேயே உருப்படியானது இதுதான், ஏனென்றால் ஒரு பெண்ணுக்கு முழுசாக மூன்று வாரப் படிப்பு நேரம் கிடைக்கிறது.

காகிதம்

சரி, இப்போது அலுப்பான பகுதி. இதைச் செய்யாமல் அரசாங்கத்திடம் ஒரு ரூபாயும் வாங்க முடியாது, அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

மடம் பதிவு செய்யப்பட்ட சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். பல சின்ன மடங்கள் ஒரு பெரிய கோன்பாவின் கிளையாக இருக்கும், பதிவும் வங்கிக் கணக்கும் அந்தக் கோன்பா பேரில் இருக்கும். அப்படியானால் மடத்துக்குத் தனிப் பதிவு வேண்டுமா என்பதைப் பிக்குணிகளும் கோன்பாவின் மூத்த லாமாவும்தான் பேசி முடிவெடுக்க வேண்டும். நாம் நடுவில் புகுந்து அவசரப்படுத்தினால் ஆண்டுக்கணக்கில் கசப்பு மிஞ்சும். தனிப் பதிவுக்குச் சம்மதம் கிடைத்தால் நிர்வாகிகளில் பெரும்பான்மை பிக்குணிகளாக இருக்கட்டும், காசோலையில் இரண்டு கையெழுத்து, அதில் ஒன்றாவது பிக்குணியுடையதாக இருக்கட்டும் என்று விதிகளிலேயே எழுதிவிடுங்கள். இதை விடாப்பிடியாகச் சொல்கிறேன். தன் மடத்துப் பணத்துக்கு இன்னொருவரிடம் கையேந்தி நிற்கும் பிக்குணிகளைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு பான் எண், வங்கிக் கணக்கு, நிதி ஆயோக்கின் என்.ஜி.ஓ. தர்ப்பண் தளத்தில் பதிவு. மத்திய அரசின் மானியம் எதற்கும் அந்தத் தர்ப்பண் எண்ணைக் கேட்பார்கள். நிலப் பத்திரம் அல்லது வருவாய்த்துறை நகல் ஒன்று எடுத்து வையுங்கள், கட்டட வேலைக்கு மனு போட்டால் அது இல்லாமல் நகராது.

கணக்குப் புத்தகத்துக்கு நான் கடைப்பிடிக்கும் வழியைச் சொல்கிறேன். ஒரு பிஸ்கட் டின். வாங்கியதற்கான ரசீது அத்தனையும் அதில் போக வேண்டும், ரசீது இல்லாத செலவுக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் தேதி, தொகை, என்ன வாங்கினோம், யார் வாங்கினார் என்று எழுதிக் கையெழுத்து. லடாக்கி மொழியில் எழுதினாலும் சரி. மாதத்துக்கு ஒருமுறை இளைய பிக்குணி ஒருவர் டின்னைக் கவிழ்த்து வரிசைப்படுத்திப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புவார், நான் இங்கே ஏற்றுவேன். முதல் ஆண்டு நான் ஏற்றினேன், மூன்றாம் ஆண்டு அவரே எக்செல்லில் போட்டு அனுப்பினார், இப்போது என் வேலை சரிபார்ப்பது மட்டும்தான்.

ஆளுக்குச் சேர வேண்டியது

மானியம் என்றதும் எல்லோரும் கட்டடத்தைத்தான் நினைக்கிறார்கள். அதற்கு முன்னால், அங்கே இருக்கும் ஒவ்வொரு பெண்ணும் இந்தியக் குடிமகள், அவளுக்குத் தனியாகச் சேர வேண்டியவை உண்டு. துறவறம் பூண்டதால் எந்த உரிமையும் போய்விடாது.

ரேஷன் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் முன்னுரிமைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ தானியம் உண்டு, 2023 ஜனவரி முதல் அது இலவசம். நாங்கள் பார்த்த மடத்தில் பாதிப்பேரின் பெயர் இன்னும் பெற்றோர் வீட்டு அட்டையில் இருந்தது, தானியம் அங்கே போய்க்கொண்டிருந்தது. சிலர் விஷயத்தில் அது சரிதான், வீட்டில் வயதான அம்மா மட்டும் இருந்தால் அதைப் பிடுங்கக் கூடாது. மற்றவர்கள் விருப்பப்பட்டால் ஆதாரில் முகவரியை மடத்துக்கு மாற்றி, பெயரையும் மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எழுபது வயது நிறைந்த எவருக்கும் வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை உண்டு, 2024 அக்டோபரில் இது தொடங்கியது, வய வந்தனா அட்டை என்று பேர். வேண்டியது ஆதார் மட்டும். மூத்த பிக்குணிகள் பலருக்கு ஆதாரில் பிறந்த ஆண்டு தோராயமாகத்தான் போட்டிருக்கும், சிலருக்குப் பத்து வருடம் குறைவாகவே இருக்கும். அதைத் திருத்தும் வேலையை கோடையில் முடித்துவிட வேண்டும், கைரேகை தேய்ந்துபோனவர்களுக்குக் கண் கருவிழிப் பதிவு கேளுங்கள். அட்டை கைக்கு வந்த பிறகும், பக்கத்தில் எந்த மருத்துவமனை இதை ஏற்கிறது என்பதை முன்கூட்டியே தெரிந்து எழுதி ஒட்டிவையுங்கள்.

முதியோர் உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு 60 வயதுக்கு மேல் மாதம் 200 ரூபாய், 80க்கு மேல் 500 ரூபாய், வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருப்பவர்களுக்கு. சின்னத் தொகைதான். ஆனால் தன் பேரில் ஒரு வங்கிக் கணக்கே இல்லாமல் அறுபது வருடம் வாழ்ந்த ஒரு பிக்குணி, முதல் தடவை பாஸ்புக்கைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, அங்கியின் மடிப்புக்குள் வைத்துக்கொண்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த அலைச்சல் வீண் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

சின்னப் பெண்கள் இருந்தால் பள்ளி வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். மடத்துக்குள் நடக்கும் மதப் படிப்பை மட்டும் வைத்து எட்டாம் வகுப்புச் சான்றிதழ் வராது. பின்னால் அவள் மருத்துவம் படிக்கவோ மடத்தை விட்டு வரவோ நினைத்தால் கையில் ஒன்றும் இருக்காது. பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்தால் மதியச் சாப்பாடும் புத்தகமும் அங்கேயே கிடைக்கும். லேயில் 1959இல் தொடங்கி 2016இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான மத்திய பௌத்தக் கல்வி நிறுவனம், கோன்பாக்களிலும் பிக்குணி மடங்களிலும் சின்னப் பள்ளிகள் நடத்தி ஆசிரியரையும் கொடுக்கிறது. உங்கள் மடம் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், குழந்தைகளின் எண்ணிக்கையைப் போட்டு ஊர்க் கோபாவின் கடிதத்தோடு மனுக் கொடுங்கள். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. லடாக் மக்களில் பெரும்பாலோர் பட்டியல் பழங்குடியினர் என்பதால் வருமான வரம்புக்குள் இருந்தால் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

மடத்துக்கான மானியம்

மத்திய பண்பாட்டு அமைச்சகத்தில் பௌத்த, திபெத்தியக் கலை பண்பாட்டு வளர்ச்சிக்கான நிதியுதவித் திட்டம் ஒன்று இருக்கிறது. பிக்குணி மடங்களுக்கு நேராகப் பொருந்துவது இதுதான். ஆசிரியர் சம்பளம், துறவிகளுக்கு உதவித்தொகை, நூல் வாங்குவது, சுவடி ஆவணப்படுத்துவது, சிறப்பு வகுப்பு, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குக் கேட்கலாம். பதிவாகிக் குறைந்தது மூன்று ஆண்டு செயல்பட்ட அமைப்பாக இருக்க வேண்டும், ஓர் அமைப்புக்கு ஆண்டுக்கு உச்சம் 30 லட்சம். செலவில் நான்கில் மூன்று பங்குதான் அமைச்சகம் தரும், மீதிக் கால் பங்கை மாநில, யூனியன் பிரதேச நிர்வாகமோ மடமோ போட வேண்டும். இங்கேதான் நம் மாதிரி ஆட்கள் சேர்க்கும் பணத்துக்கு நல்ல பயன். நீங்கள் சேர்த்த ஒரு லட்சத்தைத் தனியாகக் கொடுத்தால் ஒரு லட்சம். அதையே மடத்தின் பங்காக வைத்து மனுப் போட்டால் நான்கு லட்சத்துக்கான வேலையைக் காட்டலாம்.

மனுவில் முப்பது லட்சத்தையும் கேட்டு ஆசைப்படாதீர்கள். ஒரு தத்துவ ஆசிரியரின் ஓராண்டுச் சம்பளம், பத்துப் பேருக்கு உதவித்தொகை, ஒரு தொகுதி நூல்கள் என்று தொட்டுக் காட்டக்கூடியதாக எழுதுங்கள். உள்ளூர் நிர்வாகத்தின் பரிந்துரைக் கடிதம் இருக்கிறதா என்று மூன்று தடவை பாருங்கள். எங்கள் முதல் மனு, பரிந்துரையில் மடத்தின் பெயர் பதிவுச் சான்றிதழில் இருப்பதற்கு ஓர் எழுத்து வித்தியாசமாக இருந்ததால் திரும்பி வந்தது. அதைத் திருத்தி வாங்க ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தார்கள் அந்தப் பிக்குணிகள், ஒவ்வொரு முறையும் பாதி நாள் பஸ், கடைசியில் அந்த ஆண்டின் தேதியும் போய்விட்டது. எனக்கு இன்றும் அதை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. திபெத்திய எழுத்தில் உள்ள பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதலாம் என்பதால், பதிவுச் சான்றிதழில் இருக்கும் வடிவத்தை ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதிக் கொடுத்து, அதைப் பார்த்து மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

பணம் ஒரே தவணையில் வராது. கடைசித் தவணை வர, செலவழித்ததற்கான ஆடிட்டர் கணக்கும் ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழும் போக வேண்டும். பிஸ்கட் டின் அப்போது கைகொடுக்கும். நடுவில் பணம் தாமதமானால் ஆசிரியர் சம்பளம் நின்றுபோகக் கூடாது, மூன்று மாதச் சம்பளத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஆளைச் சேருங்கள்.

சூரிய மின்சாரத்துக்கும் பசுமைக்குடிலுக்கும் வேறு வாசல். லே, கார்கில் இரண்டிலும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கென்று அரசு முகமைகள் இருக்கின்றன. மலை மேம்பாட்டு மன்றங்களும், லேயில் 1995 முதலும் கார்கிலில் 2003 முதலும், இயங்குகின்றன. உங்கள் பகுதி மன்ற உறுப்பினரை கோபாவோடு போய்ப் பாருங்கள். தெற்குச் சுவரில் கருப்புப் பூசிக் கண்ணாடி வைத்து வெயிலைச் சேமிக்கும் ஓர் அறை இருந்தால் குளிர்காலத்தில் எல்லோரும் அதிலேயே உட்கார்ந்து படிக்கலாம், விறகும் மிச்சம்.

வெளியிலிருந்து பணம் அனுப்புபவர்களுக்கு

வருமான வரிக் கழிவுக்கான 80ஜி ரசீது கிடைக்குமா என்பது எனக்கு வரும் முதல் கேள்வி. ஒரு மதத்தாரின் நன்மைக்கு மட்டும் என்று இருக்கும் அறக்கட்டளைக்கு அந்தச் சலுகை பொதுவாகக் கிடையாது, ஆண்டு வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் மதக் காரியத்துக்குச் செலவானாலும் சிக்கல். அதனால் மடத்தின் பேரில் அதை எதிர்பார்க்காதீர்கள். கல்வி, மருத்துவம் என்று எல்லோருக்கும் திறந்த வேலை செய்யும் அமைப்பு வழியாக, பிக்குணிகளின் படிப்புக்கோ மருந்துக்கோ அனுப்பினால் கிடைக்கலாம். பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் கழிவு, ரொக்கமாக 2,000க்கு மேல் கொடுத்தால் அதுவும் இல்லை.

வெளிநாட்டுத் தமிழர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடா, சிங்கப்பூர், இலங்கை என்று வேறு குடியுரிமை உள்ளவர் அனுப்பினால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க மடத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் கணக்கும் இருக்க வேண்டும். அந்தப் பதிவுக்கே மூன்றாண்டு அனுபவமும் 15 லட்ச ரூபாய்ச் செலவுக் கணக்கும் கேட்பார்கள், சின்ன மடத்தால் ஆகாது. பதிவுள்ள இன்னோர் அமைப்பு வாங்கி இவர்களுக்கு மாற்றிவிடுவதும் 2020 திருத்தத்துக்குப் பிறகு கூடாது. நல்ல மனதோடு அனுப்பிய பத்தாயிரம் ரூபாய் அந்தப் பெண்களை வழக்கில் மாட்டிவிடலாம். எனவே அப்படிப்பட்டவர்கள் பதிவுள்ள பெரிய அமைப்புகளின் பிக்குணிக் கல்வித் திட்டத்துக்கு நேராகக் கொடுங்கள். 1987 முதல் வேலை செய்யும் திபெத்தியப் பிக்குணிகள் திட்டம் அப்படி ஒன்று, தரம்சாலா அருகே டோல்மா லிங் மடத்தை எழுப்பியவர்கள் அவர்கள்தான்.

எவ்வளவு என்பதைவிட எவ்வளவு நாள் என்பதைப் பாருங்கள். பௌத்தத் தத்துவத்தின் உயர்ந்த பட்டமான கெஷெமாவுக்குப் பதினேழு வருடம் படிக்க வேண்டும், அதற்குப் பிறகு நான்கு வருடம் தேர்வு. 2016இல்தான் முதல் தடவையாக இருபது திபெத்தியப் பிக்குணிகள் சேர்ந்து அதை வாங்கினார்கள். இருபது வருடம் ஒருத்தியை உட்காரவைத்துப் படிக்கவைக்க, ஒரு தடவை வரும் ஐம்பதாயிரத்தைவிட மாதாமாதம் தவறாமல் வரும் ஐந்நூறு பெரிசு. வங்கியில் தானியங்கிக் கட்டளை போட்டுவிடுங்கள், நிறுத்துவதானால் ஆறு மாதம் முன்னால் சொல்லிவிடுங்கள்.

தேதிக் கணக்கு

ஜான்ஸ்கருக்கு நிம்மு, பதும், தார்ச்சா வழிச் சாலை 2024இல் இணைந்துவிட்டது, இருந்தாலும் குளிர்காலத்தில் பனி விழுந்தால் லாரி வராது. பட்டியலை ஜூன் மாதமே வாங்கிவிடுங்கள். ஜூலையில் ஆதார், வங்கி, அலுவலக வேலைகள். ஆகஸ்டில் பணம் லே அல்லது கார்கில் மொத்தக் கடைக்குப் போய்ச் சேர வேண்டும், ஏனென்றால் செப்டம்பர் பாதியில் எல்லா ஊர்களும் ஒரே நேரத்தில் வாங்க வரும், விலையும் லாரி வாடகையும் ஏறும். லாரிக்காரரின் கடைசி நடை எப்போது என்று முன்பே கேட்டு, அதற்கு முந்தைய நடையில் உங்கள் சரக்கை ஏற்றுங்கள். சரக்கு இறங்கியதும் படம் அனுப்பச் சொல்லித் தொந்தரவு செய்யாதீர்கள், அங்கே சிக்னல் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வரும், அன்றைக்கு மூத்த பிக்குணியே வாய்ஸ் மெசேஜ் போடுவார். எனக்குப் போன தடவை வந்தது பதினோரு நொடிதான்: ஜூலே, பருப்பு வந்துவிட்டது, அம்பத்தெட்டு கோடு.